கந்தையும் காந்தாவும்: லேக் மார்க்கெட் தமிழ் வீடுகளில் குழந்தைத் துணியின் வரலாறு

1884ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கல்கத்தாவின் கிழக்குப் புறநகரான பேலியாகட்டாவில், சாஹேப் பாகான் என்ற இடத்துக் குளத்தைச் சுற்றியிருந்த குடிசைகளில் காலரா பரவியது. அப்போது கல்கத்தாவில் தங்கி ஆய்வு செய்துகொண்டிருந்த ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் அக்குளத்து நீரைச் சோதித்தார். நோயாளிகளின் குடலில் தாம் கண்டிருந்த, காற்புள்ளிபோல் வளைந்த நுண்ணுயிர் அந்த நீரிலும் இருந்தது. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் பாத்திரம் துலக்குவதற்கும் அந்தக் குடிசைவாசிகளுக்கு இருந்த குளம் அது ஒன்றே. முதலில் இறந்த நோயாளியின் அழுக்குத் துணிகளும் அக்குளத்திலேயே அலசப்பட்டிருந்தன என்பது பின்னர் விசாரணையில் தெரியவந்தது.

கோக் துணியைப் பற்றி இரண்டு செய்திகளைக் குறித்தார். மலம் பட்ட துணி ஈரமாகவே கிடந்தால் அதில் அந்நுண்ணுயிர் விரைந்து பெருகும். அதே துணி நன்கு உலர்ந்துவிட்டால் விரைவில் மடியும். மருத்துவ வரலாற்று நூல்கள் குளத்தை நினைவில் வைத்திருக்கும் அளவுக்குத் துணியை வைத்திருப்பதில்லை. ஆயினும் கைக்குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் நடந்துவந்தது, அளவில் சிறியதான அதே நிகழ்வுதான்: மலமும் சிறுநீரும் பட்ட துணியைச் சேர்த்துவைப்பது, அலசுவது, உலர்த்துவது, மடித்துவைப்பது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு ஒரு நாளில் 15 அல்லது 20 துணிகள் தேவைப்படும். அவற்றைக் கையாண்டவர்கள் யார், எந்த நீரில் அலசினார்கள், எங்கே உலர்த்தினார்கள், எதனுடன் சேர்த்துப் பெட்டியில் வைத்தார்கள் என்ற கேள்விகள் சாதி, நீர்வழங்கல், பெண்களின் உழைப்பு ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் சந்திக்க வைக்கின்றன.

இக்கேள்விகளுக்குத் தென்கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் ஒரு தக்க களம். தமிழகத்திலிருந்து சென்றவர்கள் தங்கள் ஊர் வழக்கங்களை அங்கே கொண்டுசென்றனர். ஆனால் அவ்வழக்கங்களைத் தாங்கிநின்ற ஊர் அமைப்பை அவர்களால் கொண்டுசெல்ல முடியவில்லை. குழந்தைத் துணியின் வரலாறு அந்த இடைவெளியில்தான் தெளிவாகப் புலப்படுகிறது.

சாக்கடைமேல் எழுந்த சாலை

1911ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், நகரின் தெற்கே குளமும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தைக் குடியிருப்பாக மாற்றியது. 1920களில் டாக்குரியாவில் பெரிய ஏரி வெட்டப்பட்டது. தோண்டிய மண் சுற்றியிருந்த தாழ்நிலங்களை மேடாக்கப் பயன்பட்டது. அந்த ஏரிதான் 1958 முதல் ரவீந்திர சரோவர் எனப்படுகிறது. இப்பகுதியின் முதன்மைச் சாலையான ராஷ்பிஹாரி அவென்யூ, திட்டக் காலத்தில் ‘மெயின் சூவர் ரோடு’ என்றே அழைக்கப்பட்டது. பிரதானச் சாக்கடையை ஒட்டி வகுக்கப்பட்ட சாலை என்பதால் அப்பெயர். வடகல்கத்தாவின் பழைய வீதிகளில் கழிவை ஆள்வைத்து அகற்றும் முறை நீடித்தபோது, இப்புதிய மனைகள் நிலத்தடிச் சாக்கடையையும் குழாய்நீரையும் எதிர்பார்த்தே அளந்து விற்கப்பட்டன.

கல்கத்தாவுக்குத் தமிழர் வரத்து இதற்கு முந்தையது. 1907இல் சி. வி. ராமன் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாக அங்கு வந்தது நன்கு அறியப்பட்ட செய்தி. அவர் குடியிருந்தது நகரின் நடுவிலிருந்த போபஜார்ப் பக்கம். தெற்கே புதிய குடியிருப்புகள் எழுந்தபின், அரசுக் கணக்கு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் ஆங்கிலேய வணிக நிறுவனங்களிலும் பணிபுரிந்த தமிழ் எழுத்தர்களும் சுருக்கெழுத்தாளர்களும் கணக்கர்களும் லேக் மார்க்கெட்டைச் சுற்றிய பராசர் ரோடு, ஜனக் ரோடு, சர்தார் சங்கர் ரோடு போன்ற தெருக்களில் வாடகைக்குக் குடியேறினர். சந்தையில் கறிவேப்பிலையும் வாழையிலையும் தொடுத்த பூவும் விற்கத் தொடங்கின. தென்னிந்தியர் தொடங்கிய நேஷனல் ஹைஸ்கூலும் சபாக்களும் உணவகங்களும் ஏற்பட்டன. இப்புலம்பெயர்வைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இந்நிறுவனங்களையே பேசுகின்றன. இரண்டு அறையும் ஒரு குறுகிய வராந்தாவும் கொண்ட வாடகை வீட்டுக்குள் ஒரு குழந்தை வந்தபோது என்ன நேர்ந்தது என்பது அவற்றின் எல்லைக்குள் வருவதில்லை.

துணி வந்த வழி

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தமிழ் வழக்கம். கல்கத்தாவில் குடித்தனம் செய்த பெண் அதற்காக மதராஸ் மெயில் ஏறி ஊருக்கு வருவாள். சில மாதங்கள் கழித்துக் குழந்தையுடன் ஹவுரா திரும்பும்போது, மூட்டையில் தவறாமல் இருந்தது பழந்துணி. அம்மாவின், பாட்டியின் நைந்த நூற்புடவைகளும் அப்பாவின் எட்டு முழ வேட்டிகளும் கிழித்து மடிக்கப்பட்டிருக்கும். புதுத்துணியில் கஞ்சி இருக்கும்; அது தோலை உரசும், ஈரத்தையும் எளிதில் இழுக்காது. பல ஆண்டு துவைபட்ட நூல்துணி மென்மையானது, ஈரத்தை உடனே உறிஞ்சுவது, விரைவில் உலர்வது. பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணியே சுற்ற வேண்டும், புதுத்துணி பெயர்சூட்டும் நாளில்தான் என்ற வழக்கத்தின் பின்னே இந்தப் பட்டறிவும் இருந்தது.

வீட்டுப் பொருளாதாரத்தில் துணிக்கு ஒரு படிவரிசை உண்டு. உடுத்த முடியாத புடவையின் நீண்ட பாகம் தூளியாகும். நடுத்தரத் துண்டுகள் குழந்தைக்கு அடியில் விரிக்க. சிறியவை மூலைவாட்டில் மடித்து இடுப்பில் கட்ட. அவையும் நைந்தால் அடுப்படியில் கரித்துணி. இடுப்பில் கட்டியதற்கு ஏட்டுப்பெயர் எதுவும் நிலைபெறவில்லை. வீடுகளில் அது மூத்திரத்துணி, பீத்துணி என்றே சொல்லப்பட்டது.

வங்காளியர் வீட்டில் இதே தேவையை நிறைவேற்றியது காந்தா. பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி ஓட்டுத்தையலால் பிணைத்த விரிப்பு அது. தமிழ் அகராதி மரபு கந்தை என்னும் சொல்லை வடமொழியின் ‘கந்தா’ என்பதிலிருந்து வந்ததாகக் கொள்கிறது. வங்கத்தின் காந்தாவுக்கும் அதுவே மூலம். ஒரே சொல் வங்கத்தில் ஒரு கைவினையின் பெயராயிற்று. தமிழில் வறுமையின் அடையாளமாகவே நின்றது. ஆனால் இந்த வேறுபாட்டையும் கவனமாகக் கொள்ள வேண்டும். குருசதய தத் போன்றோர் தேடிச் சேர்த்ததும், ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் கட்டுரையாக ஆராய்ந்ததும் தாமரையும் தேரும் தைக்கப்பட்ட அலங்காரக் காந்தாக்களை. குழந்தைக்கு அடியில் விரிக்கப்பட்ட எளிய காந்தா நனைந்து, துவைபட்டு, வெயிலில் காய்ந்து, நைந்து அழிந்தது. பயன்பாடே அதன் அழிவாக இருந்ததால் அருங்காட்சியகத்தில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. மாடிக் கொடியில் அருகருகே உலர்ந்த தமிழ்க் கந்தைக்கும் வங்காளக் காந்தாவுக்கும் முடிவு ஒன்றே.

இந்தத் துணிக்கும் தட்டுப்பாடு நேர்ந்த காலம் உண்டு. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தைத் தொடர்ந்து, போர்க்காலக் கட்டுப்பாடுகளாலும் பதுக்கலாலும் வங்கம் 1945 வாக்கில் துணிப் பஞ்சத்தையும் கண்டது. உடுத்தும் துணிக்கே பங்கீடு வந்த நாளில், கிழித்துப் போடத்தக்க பழந்துணி என்பதே ஒரு செல்வம். மூத்த குழந்தையின் துணியைத் துவைத்துப் பத்திரப்படுத்தி அடுத்த குழந்தைக்குக் கட்டுவதும், உறவினருக்குக் கைமாற்றிக் கொடுப்பதும் சிக்கனம் என்ற நிலையைக் கடந்து கட்டாயமாக இருந்தன.

வண்ணாத்தி இல்லாத ஊர்

தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிள்ளைப்பேற்றுத் தீட்டுத்துணியையும் மாதவிலக்குத் துணியையும் எடுத்துச்சென்று வெளுப்பது வண்ணார் குலப் பெண்களின் கடமையாக விதிக்கப்பட்டிருந்தது. மலபாரில் தீட்டுக் கழிய வண்ணாத்தி தரும் ‘மாற்று’த் துணியை உடுத்தே ஆக வேண்டும் என்ற விதி இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வெளுத்த புதிரை வண்ணார் அவர்களுக்கும் கீழாக வைக்கப்பட்டனர். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவல் இவ்வாழ்க்கையை ஒரு வண்ணாத்தியின் பார்வையில் சொல்லிப் பரந்த வாசகரிடம் கொண்டுசேர்த்தது. கூலியாக அவர்களுக்குக் கிடைத்தது வீடுவீடாக வாங்கிய சோறும் அறுவடைக் காலத்துத் தானியமும். உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவிப் பானையில் ஆவி ஏற்றி அவர்கள் துணியை வெளுத்த முறை, காரமும் வெப்பமும் சேர்ந்த திறமான தூய்மிப்பு முறை. அந்த அறிவுக்கு உரியவர்களைத்தான் சமூகம் தூய்மையற்றவர்கள் என்றது.

பராசர் ரோட்டு வாடகை வீட்டுக்கு இந்த வண்ணாத்தி வரவில்லை. கல்கத்தாவில் தோபிகள் இருந்தனர். பாலிகஞ்சில் பெரிய தோபிக்கானாவும் இருந்தது. ஆனால் அவர்கள் கூலிக்கு வெளுத்த நகரத் தொழிலாளர்; தீட்டுத்துணியை எடுத்துச்செல்லும் ஊர்க்கடமை அவர்களுக்கு இல்லை. வாரத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டிச் செல்லும் தோபியின் கணக்கு, இரண்டு மணிக்கு ஒருமுறை நனையும் துணிக்குப் பொருந்தவும் இல்லை. தோபி துணிக்கு அடையாளமிடப் பயன்படுத்திய சேங்கொட்டைச் சாறு தோலைக் கொப்புளிக்கச் செய்யும் தன்மையுடையது. இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவுக்கு வந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குத் தோபிக்குறி பட்ட இடங்களில் தோலழற்சி ஏற்பட்டதை அவர்களுடைய மருத்துவர்கள் 1943இல் பதிவுசெய்தனர். குழந்தையின் தோலில் படும் துணியை வீட்டிலேயே வைத்துக்கொள்ள இதுவும் ஒரு காரணமாகத் தகும்.

ஆக, ஊரில் இன்னொரு சாதியின் தலையில் சுமத்தப்பட்டிருந்த வேலை, நகரத்தில் வீட்டுக்குள் வந்தது. அது யார் கையில் விழுந்தது என்பது அடுத்த கேள்வி. மாமியாரோ தாயோ துணைக்கு வந்த மாதங்களில் அவர்கள் பங்கிட்டுக்கொண்டனர். மற்ற நாட்களில் பெற்றவளே துவைத்தாள். 1947க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள் ஜாதவ்பூர், டாக்குரியாப் பக்கங்களில் குடியேறியபோது, அவர்களில் ஏழைப் பெண்கள் பலர் வீட்டுவேலைக்கு வந்தனர். பிற்காலத்தில் கேனிங், லக்ஷ்மிகாந்தபூர் வழித்தடங்களின் விடியற்காலை ரயில்கள் கிராமப் பெண்களைத் தென்கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தன. பாத்திரம் துலக்குவதும் வீடு துடைப்பதும் உடன்பட்ட வேலைகள். குழந்தையின் மலத்துணி அவற்றில் அடங்குமா என்பது ஒவ்வொரு வீட்டிலும் தனியே பேசித் தீர்க்க வேண்டியதாக இருந்தது. சாதி விதித்த கடமையில் இல்லாத ஓர் உரிமை இந்தப் பேரத்தில் இருந்தது: மறுக்கும் உரிமை. அது வறுமையால் குறுகிய உரிமை என்பதும் உண்மை.

வாளியும் குழாயும்

துணியின் முதல் இடம் குளியலறை மூலையிலிருந்த வாளி. சிறுநீர்த் துணியும் மலத்துணியும் தனித்தனியே வைக்கப்பட்டன. மலத்தைக் கழிப்பறையில் உதறி, குளிர்ந்த நீரில் அலசிய பின்னரே துணி வாளிக்குப் போகும். முதலிலேயே வெந்நீரில் போட்டால் புரதம் இறுகிக் கறை நிலைத்துவிடும் என்பதை அனுபவம் கற்றுத்தந்திருந்தது.

நனைந்த துணி வாளியில் நெடுநேரம் கிடந்தால் கண்ணைக் கரிக்கும் நெடி எழும். இதன் காரணத்தை 1921இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மருத்துவர் ஜே. வி. குக் விளக்கினார். மலத்திலுள்ள ஒருவகைப் பாக்டீரியா சிறுநீரின் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குகிறது. குழந்தையின் தொடையிலும் பிட்டத்திலும் ஏற்படும் புண்ணுக்கு அந்த அம்மோனியாவே காரணம் என்றார் அவர். காரத்தன்மை மிகும்போது மலத்திலுள்ள நொதிகள் வீரியம் பெற்றுத் தோலை அரிக்கின்றன என்று 1980களின் ஆய்வுகள் அவ்விளக்கத்தைத் திருத்தின. சரியாக அலசாத துணியில் தங்கும் சோப்பும் காரமே என்பதால், மூன்று தண்ணீர், நான்கு தண்ணீர் விட்டு அலச வேண்டும் என்ற பாட்டிமாரின் விதிக்கு இத்திருத்தம் வலுச்சேர்க்கிறது.

சோப்பு கல்கத்தாவுக்குப் புதிதன்று. லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் 1888லேயே அத்துறைமுகத்தில் இறங்கின. சிக்கல் நீரில் இருந்தது. 1870 வாக்கில் பல்தாவிலிருந்து வடிகட்டிய நீர் குழாய்வழி வரத் தொடங்கியது. அதனுடன் வடிகட்டாத ஹூக்ளி ஆற்றுநீரும் தனிக்குழாய்களில் தெரு கழுவவும் கழிப்பறைகளுக்கும் வழங்கப்பட்டது. இந்த இரட்டை நீர்வழங்கல் கல்கத்தாவின் தனித்தன்மை. நல்ல நீர் குறித்த மணிகளில் மட்டும் வந்தது. வண்டல் கலந்த ஆற்றுநீர் தாராளமாகக் கிடைத்தது. அத்தகைய இரு குழாய்கள் இருந்த வீடுகளில், மலத்துணியின் முதல் அலசல் ஆற்றுநீரிலும் கடைசி அலசல் நல்ல நீரிலும் என்று பிரித்துக்கொள்வதே சிக்கனமான வழி. வரிசை மாறினால் துணி பழுப்பேறும். அதைவிட, அலசி நீக்கிய கிருமி ஆற்றுநீரின் வழியே மீண்டும் துணிக்கு வரும். அந்த நீரும் கங்கை என்பதால் அதற்குச் சமயத் தூய்மை உண்டு. சடங்கின்படி தூயதாகவும் கிருமியின் கணக்கில் தூய்மையற்றதாகவும் ஒரே நீர் ஒரே வீட்டுக் குழாயில் வந்தது.

இந்த முரண் துணியிலும் இருந்தது. பிள்ளைப்பேற்றின் முதல் பத்து நாள் துணி கடுந்தீட்டு. அதன்பின், தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையின் மலத்துக்கு அருவருப்பும் குறைவு, அச்சமும் குறைவு. கைக்குழந்தையின் மலம் தீங்கற்றது என்ற நம்பிக்கை இந்தியத் துணைக்கண்டம் முழுவதிலும் பரவலாகக் காணப்படுகிறது. ஆனால் பொதுச் சுகாதார ஆய்வுகள் வேறு கணக்கைச் சொல்கின்றன. வயிற்றுப்போக்குக் கிருமிகள் குழந்தைகளிடம் மிகுதி; பெரியவர்களின் மலத்தைப் போலவே அதுவும் கழிப்பறைக்குள் செல்ல வேண்டும். பத்து நாள் முடிந்ததும் தளர்ந்த எச்சரிக்கை, உண்மையில் ஆறாம் மாதத்துக்குப் பின், வேற்றுணவு தொடங்கும்போது, இன்னும் கூடியிருக்க வேண்டும்.

கொடி

துணியின் அடுத்த இடம் கொடி. ஆசாரமான வீடுகளில் மேலே, கைக்கு எட்டாத உயரத்தில், மடித்துணிக்கு ஒரு கொடி உண்டு. மடிக்கோலால்தான் துணியை அதில் போடுவார்கள், எடுப்பார்கள். குழந்தைத் துணி விழுப்பு. அதற்குக் கீழே தனிக்கொடி. ஊரில் இதற்கெல்லாம் முற்றமும் கொல்லையும் இருந்தன. கொல்கத்தாவில் பலருக்கும் பொதுவான ஒரு மொட்டைமாடியும் ஒரு வராந்தாவும் இருந்தன. தன் வீட்டு மடித்துணிக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டுக் குழந்தையின் துணி காற்றில் உரசும்போது விதிகள் தளர்ந்தே தீரும். மாடிப்படி ஏறிக் கொடியில் இடம்பிடித்தது மொழி தெரியாத மருமகள்களுக்கு வங்காளியர் வீட்டுப் பெண்களுடன் முதல் பேச்சுக்கு வாய்ப்பும் தந்தது.

வெயில் செய்த வேலை வெறும் உலர்த்தல் மட்டுமன்று. பால்குடிக் குழந்தையின் மஞ்சள் மலத்துக்கு நிறம் தருவது பித்தநீரிலுள்ள பிலிருபின். சோப்புக்கு மசியாத அந்த மஞ்சள் கறை ஒரு பகல் வெயிலில் மங்கிவிடுகிறது; ஒளி பட்டால் அப்பொருள் சிதைகிறது. மஞ்சள்காமாலை கண்ட பச்சிளங்குழந்தைகளுக்கு ஒளிச் சிகிச்சை தரலாம் என்று இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் 1958இல் காட்டப்பட்டது இதே பண்பைக்கொண்டுதான். நோயணுக்களைப் பொறுத்தவரை, வெயிலில் முறுகக் காய்ந்த துணி கோக்கின் இரண்டாவது குறிப்பை நாள்தோறும் நிறைவேற்றியது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஏற்பாடு குலைந்தது. கொல்கத்தாவின் மழைமாதங்களில் துணி இரண்டு நாளாகியும் பிசுபிசுப்பு விடாது. அப்போது நிலக்கரி அடுப்பின் சூட்டில் பிடித்தனர். சாம்பிராணித் தணல்மேல் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் துணியை விரித்தனர். இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஈரத்தை விரட்டினர். அரைகுறையாகக் காய்ந்ததை மடித்துவைத்தால் கரும்புள்ளி பூத்துவிடும். மழைமாதக் குழந்தைக்கு அதிகத் துணி சேர்த்துவைக்க வேண்டும் என்பது, ஊரிலிருந்து கடிதம் எழுதிக் கேட்டுப்பெற வேண்டிய அளவுக்கு நடைமுறைத் தேவை.

பெட்டி

கடைசி இடம் தகரப் பெட்டி. ஒரு குழந்தை நடக்கத் தொடங்கியதும் அதன் துணிகள் கொதிநீரில் புழுங்கி, வெயிலில் காய்ந்து, அடுத்த பிறப்புக்காகப் பெட்டிக்குள் போகும். தமிழ் வீடுகளில் அதற்குள் வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் வைப்பர். வசம்புக்குப் பிள்ளைவளர்ப்பான் என்றே மறுபெயர் உண்டு. வங்காள வீடுகளிலும் வேப்பிலை வழக்கம்.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் இவற்றின் இடத்தை நாப்தலீன் உருண்டை பிடித்தது. மலிவானது, வெண்மையானது, கடுமணமுடையது. அந்த மணமே தூய்மையின் மணமாக ஒரு தலைமுறைக்குப் பழகியது. இதில் மறைந்திருந்த தீங்கு பின்னர் வெளிப்பட்டது. 1956இல் ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு அடையாளம் காணப்பட்டது. 1963இல் கிரேக்க மருத்துவர்கள், நாப்தலீனுடன் வைத்திருந்த துணிகளைச் சுற்றிய பச்சிளங்குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள்காமாலை ஏற்பட்டதை வெளியிட்டனர். அந்நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளே பெரிதும் பாதிக்கப்பட்டனர். இந்தியாவின் பல சமூகங்களிலும் இக்குறைபாடு உண்டு. அக்கறையோடு பாதுகாத்த பெட்டியே அடுத்த குழந்தைக்கு ஆபத்தாகலாம் என்பதை வீடுகள் மெதுவாகவே அறிந்தன. நாப்தலீன் மணம் வீசும் துணியைக் குழந்தைக்குக் கட்டக்கூடாது என்பது இன்றும் சொல்லப்பட வேண்டிய அறிவுரை.

கந்தை தீர்ந்த காலம்

1970களிலிருந்து செயற்கை இழைச் சேலைகள் நடுத்தர வீடுகளின் அன்றாட உடையாயின. 1985ஆம் ஆண்டின் ஜவுளிக் கொள்கையும் செயற்கை இழைக்கு ஊக்கமளித்தது. பாலியெஸ்டர் சேலை கிழியாது, சாயம் போகாது, நாளடைவில் மென்மையும் ஆகாது. ஈரத்தை உறிஞ்சவும் செய்யாது. புடவை, தூளி, இடுப்புத்துணி, கரித்துணி என்ற படிவரிசை முதல் படியிலேயே அறுந்தது. தூக்கியெறியும் டயப்பர் இந்தியச் சந்தைக்குப் பெருமளவில் வந்தபோது, அது மாற்றியமைக்க வேண்டியிருந்த பழைய முறை ஏற்கெனவே மூலப்பொருள் இன்றித் தளர்ந்திருந்தது. வேலைக்குச் செல்லும் தாய்க்கு அது தந்த ஓய்வு சிறிதன்று. தாயின் இரவுத்தூக்கத்தையும் விரலிடுக்குப் புண்ணையும் கணக்கில் சேர்க்காமல் துணியின் பெருமையைப் பேசுவது நேர்மையாகாது.

சூழலியல் கணக்கும் எளிதன்று. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஒப்பீடு, துணியின் நன்மை அதைத் துவைக்கும் விதத்தைப் பொறுத்தது என்றது. இயந்திரம் நிறையத் துவைத்து, கொடியில் உலர்த்தி, இரண்டாம் குழந்தைக்கும் பயன்படுத்தினால் சுமை குறையும். மின்சாரத்தில் உலர்த்தினால் ஏறும். அம்முகமை பரிந்துரைத்த மூன்றில் இரண்டு, கொடியும் மறுபயனும், லேக் மார்க்கெட் மாடிகளில் அரை நூற்றாண்டுக்கு முன்பே கேட்பாரின்றி நடந்தவை. மூன்றாவதான இயந்திரத்தின் இடத்தில் ஒரு பெண்ணின் கைகள் இருந்தன.

டயப்பர் அழுக்கை ஒழிப்பதில்லை, இடம்மாற்றுகிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பயன்படுத்திய டயப்பரைச் சுகாதாரக் கழிவு என வகுத்து, தனியே சுற்றித்தான் போட வேண்டும் என்றன. மலத்தை முதலில் கழிப்பறையில் உதறுவது என்ற பழைய வீட்டுவிதி பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. அதனால் ராஷ்பிஹாரி அவென்யூவின் அடியில் ஓடும் சாக்கடைக்குள் போக வேண்டியது, நெகிழிக்குள் பொதிந்து, குப்பை வண்டி ஏறுகிறது. கொல்கத்தாவின் குப்பை சென்றுசேரும் தாப்பா மேடு நகரின் அதே கிழக்குப் புறத்தில், கோக் சோதித்த குளமிருந்த பேலியாகட்டாவுக்கு அப்பால் உள்ளது. அங்கே மறுவிற்பனைக்கு உரியதைத் தேடிப் பொறுக்குவோர் அந்தப் பொதிகளையும் கையால் விலக்கித்தான் ஆக வேண்டும். இந்திய நகரங்களில் குப்பையைக் கையாளும் பணி பெரும்பாலும் எந்தச் சாதியினர்மேல் விழுகிறது என்பது அறிந்ததே.

கிராமத்தில் வண்ணாத்தி எடுத்துச்சென்ற மூட்டை, ஓரிரு தலைமுறைக் காலம் மட்டும் லேக் மார்க்கெட் வீடுகளின் வாளியில் தங்கியது. அந்தக் காலத்தில் அதன் கனத்தை வீட்டுப் பெண்களும் வேலைக்கு வந்த பெண்களும் நேரில் அறிந்திருந்தனர். அது எந்த நீரில் போகிறது, எப்போது காய்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று அம்மூட்டை மீண்டும் வாசலுக்கு வெளியே வைக்கப்படுகிறது. விடியற்காலையில் அதை எடுத்துப்போகிறவரின் கைகளில் பல நாட்களில் கையுறை இருப்பதில்லை.